மூன்று நாள் தவணை: பண்டைய இஸ்ரவேல் அரசு ஏன் இரண்டாகப் பிரிந்தது?



சாலொமோன் மன்னன் என்றதும் நம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மயில்தான். அவனுடைய கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு வந்தன என்று விவிலியம் கூறுகிறது. அந்த இடத்தில் மயிலுக்கு வழங்கும் 'துக்கி' என்ற எபிரேயச் சொல் நமது 'தோகை'யிலிருந்து போனது என்ற கருத்தை, 1856இல் வெளியான தமது ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் எடுத்துக் காட்டினார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. என்றாலும், நாம் கேட்டு மகிழ்ந்த செய்தி இது.

இன்று நான் பேச வந்தது அந்த மயிலைப் பற்றியல்ல. மயிலும் தந்தமும் வந்து இறங்கிய அரண்மனைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதைப் பற்றி. அந்தக் கேள்விக்கு விடை தேடினால், சாலொமோன் இறந்தவுடனேயே அவனுடைய அரசு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் போனது ஏன் என்பதும் விளங்கிவிடும்.

சீகேமில் நடந்தது என்ன?

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். கி.மு. 930 அளவில் சாலொமோன் இறந்தான். அவனுடைய மகன் ரெகொபெயாம் எருசலேமில் இருந்து வடக்கே சீகேம் என்ற ஊருக்குப் போனான். வடபகுதிக் கோத்திரத்தார் அவனை மன்னனாக்குவதற்கு அங்கே கூடியிருந்தார்கள். கூடியவர்கள் முடியைக் கையில் கொடுக்கவில்லை. ஒரு கோரிக்கையைத்தான் முன்வைத்தார்கள். உன் தந்தை எங்கள் மேல் பெரும் பாரத்தைச் சுமத்தினார், அதைக் குறைத்தால் உனக்குப் பணிந்திருப்போம் என்றார்கள். ரெகொபெயாம் மூன்று நாள் தவணை கேட்டான்.

அந்த மூன்று நாளில் இரண்டு தரப்பினரிடம் ஆலோசனை கேட்டான். தந்தையின் அவையில் இருந்த முதியவர்கள், இன்று ஒருநாள் நீ அவர்களுக்குப் பணிந்து இனிமையாகப் பேசினால் அவர்கள் என்றைக்கும் உனக்குப் பணிந்திருப்பார்கள் என்றார்கள். அவனோடு வளர்ந்த நண்பர்களோ, இறுக்கிப் பிடி என்றார்கள். அவன் நண்பர்களின் பேச்சைக் கேட்டான். தந்தை சவுக்கால் அடித்தாரென்றால் நான் தேள்களைக் கொண்டு தண்டிப்பேன் என்ற பொருளில் மறுமொழி சொன்னான். கூட்டம் கலைந்தது. தாவீதின் குடும்பத்தோடு தங்களுக்கு இனிப் பங்கில்லை என்று சொல்லி அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

வழக்கமாக இந்தக் கதையை 'இளைஞர் பேச்சைக் கேட்டுக் கெட்டான்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முடிசூடும்போது ரெகொபெயாமுக்கு வயது 41 என்று அதே நூல் சொல்கிறது. அப்படியானால் அவனோடு வளர்ந்தவர்களும் நாற்பதைத் தொட்டவர்கள்தான். பிறந்தது முதல் அரண்மனையைத் தவிர வேறொன்றையும் அறியாதவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு கடுமையான பதிலால் மட்டும் ஓர் அரசு உடைந்துவிடுமா? அதற்கு முன்பே அதில் விரிசல் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒன்றாக இருந்த காலம் எவ்வளவு?

அந்த விரிசலைத் தேடிச் சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

எகிப்தில் அமர்னா என்ற இடத்தில் 1887இல் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட கடிதங்கள் கிடைத்தன. அவை கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இஸ்ரவேல் அரசு தோன்றுவதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முந்தியவை. அந்தக் காலத்தில் கானான் நாட்டு மலைப்பகுதியில் இரண்டு பெரிய சிற்றரசர்கள் இருந்ததை அவற்றில் காண்கிறோம். வடக்கே சீகேமில் லபாயு. தெற்கே எருசலேமில் அப்தி ஹெபா. ஆக, தாவீதும் சாலொமோனும் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அந்த மலைநாடு சீகேம், எருசலேம் என்று இரண்டு மையங்களைக் கொண்டிருந்தது.

இதற்கு நிலமும் ஒரு காரணம். வடக்கு மலைகளில் மழை கூடுதல். பள்ளத்தாக்குகள் அகன்றவை, வளமானவை. ஒலிவமும் திராட்சையும் செழித்தன. எஸ்றேல் சமவெளி வழியாகப் பெரிய வணிகப் பாதை போனது. தெற்கே யூதா மலைகள் கரடுமுரடானவை. கிழக்கே யூதேயப் பாலைவனம், தெற்கே வறண்ட நெகேவ். தொல்லியலாளர்கள் நடத்திய கள ஆய்வுகளில் அக்காலக் குடியிருப்புகள் வடக்கிலே செறிந்தும் தெற்கிலே அரிதாகவும் காணப்படுகின்றன. ஆட்களும் தானியமும் வடக்கில் இருந்தன. மன்னனும் தலைநகரும் தெற்கில் இருந்தார்கள்.

விவிலியத்தையே கவனமாகப் படித்தாலும் இந்த இரட்டைத் தன்மை தெரியும். சவுல் இறந்தபின் தாவீதை முதலில் மன்னனாக்கியது யூதா கோத்திரம் மட்டுமே. அவன் எப்ரோனில் ஏழரை ஆண்டுகள் யூதாவை மட்டும் ஆண்டான். வடக்கே சவுலின் மகன் இஸ்போசேத் அரசனாக வைக்கப்பட்டான். இரு தரப்புக்கும் போரும் நடந்தது. இஸ்போசேத் கொலையுண்ட பின்னரே வடபகுதி மூப்பர்கள் எப்ரோனுக்கு வந்து தாவீதோடு உடன்படிக்கை செய்து அவனைத் தங்களுக்கும் மன்னனாக்கினார்கள். அதாவது வடக்கு வெல்லப்பட்ட நாடல்ல. ஓர் ஒப்பந்தத்தின் பேரில் வந்து சேர்ந்த நாடு. தாவீது எருசலேமைத் தலைநகராகத் தெரிந்தெடுத்ததும் இதனால்தான் என்று பலர் கருதுகிறார்கள். அது எபூசியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஊர். வடக்குக்கும் சொந்தமில்லை, தெற்குக்கும் சொந்தமில்லை.

தாவீதின் காலத்திலேயே அந்த ஒப்பந்தம் ஒருமுறை ஆட்டம் கண்டது. அப்சலோமின் கலகம் அடங்கியபின் மன்னனைத் திரும்ப அழைத்துவரும் உரிமை யாருக்கு என்று யூதா மக்களும் வடக்கத்தியரும் சண்டையிட்டார்கள். எங்களுக்கு மன்னனிடத்தில் பத்துப் பங்கு உண்டு என்றார்கள் வடக்கத்தியர். உடனே பென்யமீன் கோத்திரத்தானாகிய சேபா என்பவன் எக்காளம் ஊதி, தாவீதிடம் நமக்குப் பங்கில்லை என்று கூவினான். அந்தக் கலகம் அடக்கப்பட்டது. சேபாவின் தலை மதிலுக்கு மேலால் வீசப்பட்டது. ஆனால் அவனுடைய முழக்கம் சாகவில்லை. ரெகொபெயாமின் முகத்துக்கு நேரே சீகேமில் எழுந்தது ஏறக்குறைய அதே முழக்கந்தான்.

தாவீது எருசலேமில் ஆண்டது 33 ஆண்டுகள், சாலொமோன் ஆண்டது 40 ஆண்டுகள் என்று நூல் கணக்குச் சொல்கிறது. இரண்டையும் கூட்டினால் 73. இரண்டு அரசர்களின் காலம்! 'ஒன்றுபட்ட இஸ்ரவேல்' என்று நாம் நினைப்பது அவ்வளவுதான்.

அமஞ்சியும் பன்னிரண்டு வட்டாரங்களும்

இனி அந்தப் 'பாரம்' என்ன என்று பார்ப்போம்.

சாலொமோன் ஆலயத்தைக் கட்ட 7 ஆண்டுகள் எடுத்தான். தன் அரண்மனையைக் கட்ட 13 ஆண்டுகள் எடுத்தான். இதற்கு மரம் வெட்ட லீபனோனுக்கு 30,000 பேர் பிடிக்கப்பட்டார்கள். மாதம் 10,000 பேராக முறைவைத்து, ஒரு மாதம் லீபனோனிலும் இரண்டு மாதம் வீட்டிலும் இருக்கவேண்டும். கணக்குப் பார்த்தால் ஒருவன் ஆண்டிலே நான்கு மாதம் தன் வயலை விட்டுப் போகவேண்டும். இந்த எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம். ஆனால் முறை பொய்யல்ல. அக்கால அரசுகள் பலவற்றிலும் இது இருந்தது. பழைய தமிழ் விவிலியத்தில் இவர்களை 'அமஞ்சி' ஆட்கள் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கூலியில்லாக் கட்டாய வேலை என்பது பொருள். இலங்கையில் இராசகாரியம் என்ற பெயரில் இருந்து, 1832இல் ஒழிக்கப்பட்டதும் இதைப் போன்றதொரு முறைதான். நம் பாட்டன் பூட்டனுக்குப் புதிதான சொல்லல்ல.

அரண்மனைச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 மாடுகளும் 100 ஆடுகளும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதைக் கொடுப்பதற்காக நாடு பன்னிரண்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி வைக்கப்பட்டான். வட்டாரத்துக்கு ஒரு மாதம். அந்தப் பட்டியலை எடுத்துப் படித்தால் எப்பிராயீம் மலைநாடு, மெகிதோ, நப்தலி, ஆசேர், இசக்கார், யோர்தானுக்கு அப்பாலுள்ள கீலேயாத் என்று வடக்கும் கிழக்குமே வருகின்றன. யூதா அந்தப் பன்னிரண்டில் இல்லை என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. மன்னனின் சொந்தக் கோத்திரத்துக்கு ஒரு கணக்கு, மற்றவர்களுக்கு வேறொரு கணக்கு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தேவதாரு மரமும் பொன்னும் தந்த தீரு மன்னன் ஈராமுக்கு, சாலொமோன் கலிலேயாவிலுள்ள 20 ஊர்களைக் கொடுத்தான். கலிலேயா எங்கே இருக்கிறது? வடக்கில். ஆலயம் எழுந்தது தெற்கில். கொடுக்கப்பட்டது வடக்கத்தியரின் ஊர்கள். அந்த ஊர்களைப் பார்த்த ஈராமுக்கு அவை பிடிக்கவில்லை என்பது வேறு கதை!

யெரொபெயாம் என்ற மேற்பார்வையாளன்

இந்தக் கட்டாய வேலைக்குள்ளிருந்துதான் கலகத்தின் தலைவனும் வந்தான். எப்பிராயீமைச் சேர்ந்த யெரொபெயாம் ஒரு விதவையின் மகன். எருசலேமில் கோட்டைப் பணி நடந்தபோது அவனுடைய சுறுசுறுப்பைக் கண்ட சாலொமோன், யோசேப்பு வீட்டாரின், அதாவது வடக்கத்தியரின், சுமைவேலைக்கு அவனையே மேற்பார்வையாளனாக்கினான். தன் இனத்தவர் படும் பாட்டை நாள்தோறும் கண்ணால் கண்டவன் அவன்.

சீலோ ஊரைச் சேர்ந்த அகியா என்ற தீர்க்கதரிசி அவனை வழியில் சந்தித்து, தன் புதிய சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்துப் பத்துத் துண்டுகளை அவன் கையில் கொடுத்தார் என்று நூல் கூறுகிறது. சீலோ என்பது எருசலேமுக்கு முன்னர் உடன்படிக்கைப் பெட்டி இருந்த வடபகுதித் திருத்தலம். அங்கிருந்து ஒரு தீர்க்கதரிசி கிளம்பி வந்ததைப் பார்த்தால், வரியோடும் வேலையோடும் சேர்ந்து, தங்கள் பழைய கோயில்களின் பெருமை போய்விட்டதே என்ற மனத்தாங்கலும் வடக்கில் இருந்திருக்கலாம் எனத் தோன்றுகிறது.

சாலொமோன் அவனைக் கொல்லத் தேடினான். யெரொபெயாம் எகிப்துக்கு ஓடி, மன்னன் சீசாக்கிடம் தஞ்சம் புகுந்தான். சாலொமோன் இறந்த செய்தி கேட்டபின்தான் திரும்பி வந்தான்.

இப்போது மறுபடியும் சீகேமுக்கு வாருங்கள். ரெகொபெயாம் ஏன் அங்கே போகவேண்டி வந்தது என்பது இப்போது விளங்கும். யூதாவில் அவன் தானாகவே மன்னன். வடக்கிலோ ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் மன்னன். வந்தவர்கள் கேட்டது பிரிவினை அல்ல; பாரத்தைக் குறை என்றுதான் கேட்டார்கள். சேர்ந்திருக்கத் தயாராகவே வந்தார்கள். அவன் அதை ஒப்பந்தமாகப் பார்க்கவில்லை, தன் தந்தையின் சொத்தாகப் பார்த்தான்.

கூட்டம் கலைந்த பிறகாவது அவன் சமாதானம் பேசினானா? பேச ஆள் அனுப்பினான். யாரை அனுப்பினான் தெரியுமா? கட்டாய வேலைக்குத் தலைவனாயிருந்த அதோராமை! மக்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். ரெகொபெயாம் தேரில் ஏறி எருசலேமுக்கு ஓடினான். படை திரட்டினான். சகோதரர்களோடு போரிடவேண்டாம் என்று செமாயா என்ற தீர்க்கதரிசி தடுத்ததால் அப்போது பெரும்போர் நடக்கவில்லை. ஆனால் எல்லைச் சண்டைகள் ஓயவில்லை.

எழுதியவர்கள் யார்?

நேயர்களே, இந்த வரலாற்றை நமக்குத் தரும் நூல்கள் இறுதி வடிவம் பெற்றது கி.மு. 7ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில், தெற்கே யூதாவின் பார்வையில். ஆகவே அவற்றில் யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை வைத்த பாவியாகவே வருகிறான். வடக்கின் எந்த மன்னனுக்கும் நற்சான்று கிடைப்பது அரிது. கன்று என்பது கடவுளின் பீடமாகக் கருதப்பட்டதேயன்றி வேறு கடவுளின் சிலை அல்ல என்று விளக்கும் அறிஞர்களும் உண்டு. வருடந்தோறும் தன் குடிகள் எதிரியின் தலைநகருக்கு யாத்திரை போனால் அவர்களின் மனமும் அங்கே போய்விடும் என்று யெரொபெயாம் அஞ்சினான் என அந்த நூலே சொல்கிறது. ஆனாலும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். தெற்கத்தியர் எழுதிய நூலாக இருந்தும், சாலொமோனின் கட்டாய வேலையையும் ரெகொபெயாமின் ஆணவத்தையும் அது மறைக்கவில்லை.

தொல்லியல் என்ன சொல்கிறது? அங்கே இன்னும் வழக்கு நடக்கிறது. ஆட்சோர், மெகிதோ, கேசேர் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே அமைப்பில் காணப்பட்ட ஆறறைக் கோட்டை வாயில்களைச் சாலொமோன் கட்டியவை என்றார் யிகயேல் யாதின். அவை அவனுக்குப் பிந்திய கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று 1990களில் வாதிட்டார் இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டீன். அவர் கருத்துப்படி தெற்கும் வடக்கும் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு. முதலில் பேரரசாக வளர்ந்தது வடக்குத்தான். அமிகாய் மசார் போன்றோர் இடைவழி ஒன்றைச் சொல்கிறார்கள்: ஒன்றுபட்ட அரசு இருந்தது, ஆனால் நூலில் வரும் அளவுக்குப் பெரிதல்ல. 1993இல் தாண் மேட்டில் கிடைத்த அரமேயக் கல்வெட்டில் 'தாவீதின் வீடு' என்ற சொல் காணப்பட்டதால், தாவீது என்பவன் வெறும் கற்பனை என்ற பேச்சு பெருமளவு அடங்கியது.

யாருக்கு இலாபம்?

பிரிந்த ஐந்தாம் ஆண்டிலேயே எகிப்தின் சீசாக் படையெடுத்து வந்து எருசலேமின் பொக்கிஷங்களை வாரிக்கொண்டு போனான். யெரொபெயாமுக்கு அடைக்கலம் கொடுத்த அதே சீசாக்! எகிப்திய வரலாற்றில் முதலாம் சோசெங்கு என்று அறியப்படுபவன் இவனே என்பது பெரும்பாலானோர் கருத்து. கர்னாக் கோயில் சுவரில் அவன் பொறித்த ஊர்ப்பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் மெகிதோ, பெத்செயான் போன்ற வடபகுதி ஊர்களும் இருக்கின்றன. அடைக்கலம் கொடுத்தவன் இரண்டு வீட்டிலும் புகுந்துவிட்டான்.

அதற்குப் பின் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வடக்கு மன்னன் பாஷா எல்லையில் ராமாவைக் கோட்டையாக்கியபோது, தெற்கு மன்னன் ஆசா ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் தமஸ்குவின் மன்னனுக்கு அனுப்பி, வடக்கின் முதுகில் அடிக்கச் சொன்னான். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், வடக்கும் தமஸ்குவும் கூட்டாக எருசலேமை நெருக்கியபோது, தெற்கு மன்னன் ஆகாஸ் அசீரியப் பேரரசனுக்குப் பொன் அனுப்பி உதவி கேட்டான். அசீரியர் வந்தார்கள். தமஸ்கு கி.மு. 732இல் வீழ்ந்தது.

வடக்கு அரசு சுமார் இருநூறு ஆண்டுகள்தான் நீடித்தது. அது சிறிய அரசாக இருக்கவில்லை. கி.மு. 853இல் கர்கார் போரில் ஆகாப் மன்னன் 2,000 தேர்களைக் கொண்டுவந்தான் என்று அசீரியக் கல்வெட்டே சொல்கிறது. ஆனால் அரச குலங்கள் மாறி மாறிக் கவிழ்ந்தன. கி.மு. 722 அளவில் தலைநகர் சமாரியா விழுந்தது. 27,000க்கும் மேற்பட்டோரை நாடுகடத்தியதாக அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன் பொறித்து வைத்தான். தெற்கு அரசு இன்னும் ஏறத்தாழ 135 ஆண்டுகள் தாக்குப்பிடித்து, கி.மு. 586 அளவில் பாபிலோனியரிடம் விழுந்தது.

இதற்கிடையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சமாரியா விழுந்த காலத்தை ஒட்டி எருசலேம் திடீரெனப் பல மடங்கு பெருத்தது. 1970களில் நகமான் அவிகாத் அங்கே அகழ்ந்தபோது, ஏறத்தாழ 7 மீற்றர் அகலமான மதிலொன்றைக் கண்டார். பழைய ஊருக்கு வெளியே பெருகிவிட்ட குடியிருப்புகளைக் காக்க எழுப்பப்பட்ட மதில் அது. வந்து குடியேறியவர்களில் பலர் வடக்கிலிருந்து தப்பி ஓடிவந்த அகதிகள் என்பது பல ஆய்வாளரின் கருத்து. அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஓசியா என்ற வடபகுதித் தீர்க்கதரிசியின் சொற்கள் தெற்கில் பாதுகாக்கப்பட்டது அப்படித்தான் என்று கருதப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எந்த நகரத்தில் தங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிப் போனார்களோ, அதே நகரத்தின் வாசலில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் மூட்டைமுடிச்சோடு வந்து நின்றார்கள். நகரம் அவர்களுக்காகத் தன் மதிலை அகட்டிக் கட்டியது.

நாட்டை விட்டு வந்து வேறு மண்ணில் குடியிருக்கும் நமக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. அந்த வாசலில் நின்றவர்களில் யாராவது ஒரு முதியவர், அன்று சீகேமில் பாரத்தைச் சற்றுக் குறைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டிருக்கக் கூடும். மூன்று நாள் தவணை இருந்தது. கேட்டவர்கள் பணிவாகத்தான் கேட்டார்கள். நல்ல ஆலோசனையும் கையில் இருந்தது.